விட்டுப் பிடி

கனகராஜ் “விட்டுப் பிடி” என்றதும் அய்யாவு விட்டான். பிடிப்பதற்குள் கயிறு ரம்புத்தான் மரத்தை உரசிக்கொண்டு ஓடியது. கப்பி ஒருமுறை கிறீச்சிட்டது. எஞ்சின் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டி இறங்கிவிட்டது.

காருக்கு அடியில் மல்லாந்து, போல்ட் ஓட்டை நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அக்காள் புருஷன் கனகராஜிடமிருந்து சத்தமே இல்லை. வெளியே நீட்டியிருந்த கால்களில் ஒன்று மட்டும், கழற்றிப்போட்ட செருப்பைத் தேடுவதுபோல இரண்டு தரம் அசைந்து நின்றது.

“மாமா,” என்றான் அய்யாவு. தொய்ந்து கிடந்த கயிற்றை எடுத்து இறுக்கிக்கொண்டான். “மாமா, இப்ப பிடிச்சிக்கிட்டேன்.”

கனகராஜ் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. எழுதப்படிக்கத் தெரியும், மோட்டார் தெரியும் என்பது அவராகச் சொல்லிக்கொண்டது. ஜப்பான்காரன் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் காருக்கு எஞ்சின் செத்திருந்தது. சிம்பாங் ரெங்கம் சாலையோரம் கவிழ்ந்து கிடந்த லாரியின் எஞ்சினை மாட்டி வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டிக் காட்டினால் டிரைவர் வேலை, இல்லாவிட்டால் சயாம் ரயில் பாதை என்று ஜப்பான்காரன் சொல்லியிருந்தான். சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. அதனால்தான் வீட்டுக் கொல்லையிலேயே மூன்று மரக்கட்டையை முக்காலியாகக் கட்டி, கப்பி மாட்டி, மளிகைக்கடை மச்சினனைக் கயிற்றுக்கு நிறுத்தினார்.

“மாப்ள, தராசுல கட்டைவிரல வெக்கிற மாதிரி இதுல வெக்காத லா. கீழ நான் இருப்பேன்.”

“உங்க எடைக்கு நான் ஏன் மாமா விரல் வெக்கணும்? தராசே தாங்காது.”

காலையில் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கனகராஜ் கேட்டது ஒரு சாண் தளர்த்தி இறுக்கச் சொல்லி. அய்யாவுவின் கடையில் ‘விட்டுப் பிடி’ என்ற சொல்லுக்கு வேறு வழக்கம். விலை படியாத ஆளை முழுசாக விட்டுவிட வேண்டும். கடைவாசல் நடைபாதையின் அந்தக் கடைசி வரை போகட்டும். அப்புறம் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளலாம். இருபது வருஷப் பழக்கம் கைக்கு முந்திக்கொண்டது.

பக்கத்து வீட்டு வேலுவும் இரண்டு சீனர்களும் வந்து எஞ்சினைத் தூக்கினார்கள். கனகராஜின் உடலைக் கூடத்துப் பாயில் கிடத்தினார்கள். அக்காள் வெள்ளையம்மா அழவில்லை. “அவரு இன்னும் சாப்பிடல,” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அய்யாவு கதவோரம் இரண்டு கையையும் மூடிக்கொண்டு நின்றான்.

“தம்பி என்ன செய்யும், பாவம்,” என்றாள் வேலுவின் பெண்டாட்டி செல்லம். “அம்மாங் கனம். கயிறு உருவிக்கிட்டு ஓடியிருக்கும். பாரு, கை தோலெல்லாம் உரிஞ்சி பொத்திக்கிட்டு நிக்கிது.”

வெள்ளையம்மா அப்போதுதான் தம்பியைப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். சண்டையில் ஊர்க் கப்பல் வருவது நின்றதிலிருந்து தொடாமல் வைத்திருந்த நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

“கையக் காட்டு, தம்பி.”

“வேணாங்க்கா.”

“எரியும்டா. காட்டு.”

மூடிய கையை மூடியபடி வைத்திருந்தால் போதும். செல்லம் சொன்னது ஊருக்கே போதும். எவனும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. இவ்வளவு மலிவாக அவனுக்கு வாழ்நாளில் ஒன்றும் கிடைத்ததில்லை.

அய்யாவு இடது கையை விரித்தான்.

மிளகாய்த் தூள் ஏறிய ரேகைகள். ஒரு கீறல் இல்லை.

“அந்தக் கை.”

அதையும் விரித்தான். அதிலும் கயிறு உரசிய தடம் இல்லை.

வெள்ளையம்மா இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள்.

வெள்ளையம்மா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு புருஷனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முந்தானை நுனியை எண்ணெயில் நனைத்து, அவர் நகக்கண்ணில் இறுகியிருந்த கறுப்புக் கிரீஸை, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள்.