கருவி நின்றிருந்த நேரம்

காலை ஏழு இருபதுக்கு டாக்டர் பெந்தான்கோர் கருவியின் மின்சாரத்தைப் பூஜ்யமாக்கினார்.

எபரின் இடது மார்பில், தோலுக்கு அடியில், பிஸ்கட் அளவுக்கு இருக்கிறது அது. அதிலிருந்து ஒரு கம்பி கழுத்து நரம்புக்குப் போகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் அந்த நரம்பைச் சீண்டும். அதனால் வலிப்பு அடங்கியிருந்தது. அதனாலேயே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அவன் குரலும் கம்மிப்போகும். இருபத்திரண்டு வருடங்களாக இப்படித்தான்.

டிசம்பரில் இரண்டு முறை விழுந்துவிட்டான். மூளையைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். கருவி ஓடும்போது எம்.ஆர்.ஐ.க்குள் போகக் கூடாது.

“முடிஞ்சதும் நேரா எங்கிட்ட வாங்க. அது நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இவருக்குக் காவல் கிடையாது.”

அதை அவர் எபரிடம் சொல்லவில்லை. அவன் அக்கா நெலிதாவைப் பார்த்துச் சொன்னார்.

ஸ்கேன் பகுதியின் வாசலில் யமிலா என்ற டெக்னீஷியன் நெலிதாவை நிறுத்தினாள்.

“கையில என்னம்மா?”

“காந்தம். இவனுக்கு வலிப்பு வந்தா மார்பு மேல தடவணும், கருவி உடனே சீண்டி நிறுத்தும்.”

“லாக்கர்ல வைங்க. அந்த பிளாஸ்க்கையும்.”

“நான் கதவுகிட்டதானே நிக்கப்போறேன்?”

“உள்ள இருக்கிறதும் காந்தம்தான். கையோட சேத்து இழுத்துக்கும். கருவி நிக்குது, இப்ப அதைத் தடவியும் பிரயோஜனம் இல்ல.”

“வீண் முயற்சி,” என்றான் எபர். “புருஷன் போட்ட மோதிரத்தைக்கூடக் கழட்டி எறிஞ்சுட்டா. இதைக் கழட்ட மாட்டா.”

“வாயை மூடுடா.”

நெலிதா கழற்றினாள். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

காந்தம் முதலில் அவனிடம்தான் இருந்தது. தடவாமல் மார்பில் அழுத்தியே வைத்திருந்தால் கருவி சும்மா இருக்கும், குரல் கம்மாது. கருவி வைத்த அறுவை முடிந்து வந்த முதல் கார்னிவல் திருவிழாவில், முகத்தில் சாயம் பூசிப் பாடும் முர்கா குழுவின் உடுப்புக்குள் அதை ஒட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் பாடினான். மூன்றாம் நாள், லா தேஹா கிளப்பின் மேடையிலிருந்து தலைகுப்புற விழுந்தான். முகச்சாயத்தையும் ரத்தத்தையும் ஒன்றாகத் துடைத்தவள் நெலிதா. அன்றே காந்தத்தைப் பிடுங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு அவன் முகத்தில் சாயம் பூசி மேடை ஏறியதில்லை.

ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், யமிலாவுக்குப் பக்கத்தில் நெலிதா உட்கார்ந்தாள். இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. நான்கு நிமிடம் கழித்து யமிலா மைக்கை அழுத்தினாள்.

“சார், படம் கலங்கியிருக்கு. அசையாதீங்க.”

“அசையலையே.”

“பாடினீங்களா?”

“நானா ஆரம்பிச்சேன்? இந்த மெஷின்தான் மேளம் அடிச்சுது. கார்னிவல் மேடைக்கு நாங்க உள்ள வர்றப்ப அடிக்கிற அடி அது. அடிச்சுட்டு சும்மா படுன்னா எப்படி?”

யமிலா மைக்கை விட்டுவிட்டுச் சிரித்தாள். “எங்க அப்பாவும் முர்காக்காரர்தான். போன வருஷம் இதே மாதிரி மூணு தடவை படத்தைக் கெடுத்தார்.” மறுபடி அழுத்தினாள். “முதல்லேர்ந்து எடுக்கணும். வாயத் திறந்தீங்க, இன்னிக்குப் பூரா இங்கதான்.”

“சரி தாயே.”

வேறு நாளாக இருந்தால் நெலிதா அவனைத் திட்டித் தீர்த்திருப்பாள். இன்று கடிகாரத்தைத்தான் பார்த்தாள்: கருவி நின்று அரை மணி நேரம் ஆகிவிட்டது.

இயந்திரம் ஓய்ந்த ஒரு இடைவெளியில் ஸ்பீக்கர் வழியாக அவன் முனகல் கேட்டது. மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்துக்குள் நடந்தபடி முர்கா பாடும் விடைபெறும் பாட்டு. அவன் பாடிய நாட்களில் நெலிதா கிளப் முற்றத்தில் எண்ணெய்ச் சட்டியில் தோர்த்தா ரொட்டி பொரித்து விற்பாள். பதின்மூன்று பேர் சேர்ந்து பாடுவார்கள். திரும்பிப் பார்க்காமலே அவன் குரல் எது என்று தெரியும். எல்லோருக்கும் மேலே ஏறி, அங்கேயே நிற்கும். சட்டியில் மாவு கருகும். வாங்க வந்தவர்களும் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

இப்போது அதே குரல். கொஞ்சம் தடித்திருந்தது, கம்மவில்லை.

“சார்!” என்றாள் யமிலா.

“மூச்சுதான் விட்டேன்.”

எட்டு நாற்பதுக்கு டாக்டரின் அறைக்கு வந்தார்கள். அவர் கணினித் திரையைத் திறந்து, கருவியை மறுபடி ஓடவைக்கும் கைக்கோலை எபரின் மார்புக்கு நேராகப் பிடித்தார்.

“டாக்டர், ஒரு நிமிஷம்,” என்றாள் நெலிதா.

டாக்டர் ஆச்சரியத்துடன் கையை இறக்கினார். நெலிதா தம்பியைப் பார்த்துத் தலையசைத்தாள். எபர் எழுந்து பாடினான். பாதிப் பாட்டுதான். நடைவழியில் யாரோ கை தட்டினார்கள். நெலிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் உட்கார்ந்தான்.

“டாக்டர், கார்னிவலுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அதுவரை இப்படியே விட்டா?”

“பன்னெண்டு நாள்ல எத்தனை தடவை விழுவீங்கன்னு எனக்குத் தெரியாது. எழுந்திருப்பீங்களான்னும் தெரியாது. நான் வேண்டாம்னுதான் சொல்வேன். கருவியைப் போட விடமாட்டேன்னு நீங்க சொன்னா நான் கட்டாயப்படுத்த முடியாது.”

எபர் டாக்டரைப் பார்க்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினான்.

“இருபத்திரண்டு வருஷமா நீ சொன்னபடிதான் கேட்டேன். இப்பவும் கேக்கறேன். கருவியைப் போடச் சொல்றியாக்கா?”