சுட்ட கத்தரிக்காயும் பிற்பகல் தூக்கமும்

…இல்லை, உப்புத்தண்ணீர் இன்னும் வடியவில்லை, இன்னும் பத்து நிமிடமாவது வேண்டும், அவசரப்பட்டுக் கம்பி வலையில் போட்டால் கத்தரிக்காய் வேகாது, அழும், கசப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தும், இதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார், விரல் மொத்தத்துக்கு நறுக்கு, இரண்டு பக்கமும் உப்பைத் தடவு, அரைமணி நேரம் அதன் பாட்டுக்கு விடு, துணியால் ஒற்று, எண்ணெய் பூசு, பிறகு கரியிடம் ஒப்படை, அவ்வளவுதான், ஆனால் உலகத்தில் இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் மொத்தமே ஒன்றரை ஆள், முழு ஆள் அவர், அந்த அரை ஆள் யார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சாஸ் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் ருசி பார்த்த நாக்கு அது, வெறும் நாக்கா, ஆளையே எல்லாரும் ‘நாக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள், ஒரு பீப்பாய் தக்காளிச் சாஸில் கொசு ஒன்று விழுந்து நீந்திக் கரையேறிப் போயிருந்தால்கூட அது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு, அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான், அதனால் என்ன, யாராவது கிளப்பித்தானே ஆகவேண்டும்.

பால்கனியில் கரி கனியத் தொடங்கியிருந்தது, வெயில் ஒரு பக்கம், கரி ஒரு பக்கம், நடுவில் இவரும் ஒரு கத்தரிக்காய். ஒரு மணிக்கு மனைவி வருகிறாள். ஏழு வாரம் ஆயிற்று, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, ‘கொஞ்ச நாள் தங்கச்சி வீட்ல இருந்துட்டு வரேங்க’ என்று, ஏதோ முக்குக்கடைக்குப் போய் வருகிறவள் மாதிரி சொல்லிவிட்டுப் போனவள், சண்டை உண்டா, கிடையாது, ஒரு தட்டு உடைந்ததா, கிடையாது, உடைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒட்டவைக்க ஏதாவது இருந்திருக்கும். முந்தாநாள்தான் போன் செய்தாள், ‘ஞாயித்துக்கிழமை வரேன், பேசணும்’. என்ன பேசணும்? திரும்பி வருகிறேன் என்பதற்குப் பேச்சு எதற்கு, பெட்டியோடு வந்து நின்றால் போதாதா, அப்படியானால் மீதித் துணியை எடுக்க வருகிறாளா, அலமாரியில் அவளுடைய குளிர்காலத் துணி இருக்கிறது, இந்த வெயிலில் கம்பளியை எதற்கு எடுப்பாள், எடுக்காவிட்டால் நல்ல சகுனமா, வெறும் வெயிலா… என்ன குறை வைத்தார் அவர், குடி உண்டா, சீட்டு உண்டா, கை நீட்டியது உண்டா, கோடை வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டார், அன்றைக்கு முழுச் சமையலும் அவர், முப்பத்து மூன்று கோடை, அடுக்கிவைத்தால் கத்தரிக்காய் நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும், எந்தப் புருஷன் செய்வான், சொல்லுங்கள், எந்தப் புருஷன்?

சாஸுக்குத் தக்காளியைச் சுட்டாயிற்று, பூண்டையும் தோலோடு சுட்டாயிற்று, வறுத்த எள்ளை அரைத்து எலுமிச்சைச் சாற்றில் குழைத்து, தேன் ஒரு சொட்டு, காய்ந்த மிளகாய், கடைசியில் புதினாவைக் கத்தியால் தொடாமல் கையால் கிள்ளி… ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார், ஆகா, இதைச் சாப்பிட்டவன் செத்தாலும் சிரித்துக்கொண்டேதான் சாவான். அவள் சிரித்தாளா? சிரித்திருப்பாள், பெரிதாகப் பாராட்டுகிற ஆள் இல்லை அவள், ‘நல்லா வெந்திருக்கு’ என்பாள், எடை பார்க்கிற இயந்திரம் சீட்டு துப்புகிற மாதிரி, ஆனால் வாய் என்ன சொன்னால் என்ன, உடம்பு பொய் சொல்லுமா, சாப்பிட்டுக் கை கழுவி அரைமணியில் சொக்கிப்போவாளே, சோபாவில் சாய்ந்தால் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் எழமாட்டாள், சிலநாள் எழுப்பினாலும் கண் திறக்காது, இதை அவர் தொழிற்சாலையில் சொல்லாத ஆள் இல்லை, ‘என் கத்தரிக்காயைச் சாப்பிட்டா அஞ்சு மணிநேரம் மயக்கம், ஆஸ்பத்திரியில கேட்டாங்க, நான்தான் கொடுக்கல’, எல்லாரும் சிரிப்பார்கள், அவர்தான் முதலில் சிரிப்பார்.

கதவு தட்டுகிற சத்தம், மணி பன்னிரண்டுதானே, போய்த் திறந்தால் சகலை, பல் டாக்டர், கையில் ஐஸ் கட்டிப் பை, ஞாயிற்றுக்கிழமையிலும் அடுத்தவன் வாயையே பார்க்கிற பார்வை.

“என்னண்ணே, தெருவே புகைஞ்சுகிட்டு இருக்கு? தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிடவா?”

“வா வா, வண்டி வந்தா அவங்களுக்கும் ரெண்டு துண்டு போடுவோம். எங்க, ரெண்டு பேரும்?”

“பின்னாடி வர்றாங்க. ஐஸ் கரைஞ்சிடும்னு என்னை மட்டும் முன்னாடி துரத்திட்டாங்க.” பையைத் தொட்டியில் வைத்துவிட்டு, கம்பி வலையையும் தாம்பாளத்தில் வியர்த்துக்கொண்டிருந்த துண்டுகளையும் பார்த்தவன், தலையைச் சொறிந்தான். “அண்ணே, ஒண்ணு சொல்லவா? அக்காவுக்கு இதை வைக்காதீங்க. இந்தத் தடவை மாத்திரை வேணாம்னுட்டாங்க.”

“என்ன மாத்திரை?”

“அதாண்ணே, அரிப்புக்கு. கத்தரிக்காய் பட்டா அவங்களுக்கு வாயெல்லாம் நமநமன்னு தடிச்சிடுமே… உங்களுக்கு…” அவன் நிறுத்தினான். பல்லைப் பிடுங்கிய பிறகுதான் தப்பான பல் என்று தெரிந்தவனுடைய முகம். “உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்.”

“எத்தனை வருஷமா?”

“நான் கிளினிக் தொறந்ததுலேர்ந்து கொடுக்கறேன். இருபத்திரண்டு வருஷம் இருக்கும். போட்டா நல்லா தூக்கம் வரும், அது ஒண்ணுதான் தொந்தரவு.”

“அதுக்கு முன்னாடி?”

“அண்ணே, விடுங்களேன்.”

“முன்னாடி என்ன பண்ணுவா?”

“ஐஸ் கட்டியை வாயில அடக்கிக்குவாங்களாம்.”

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும், வந்துவிட்டது, அதுவும் ஐஸ் பையோடு. அவர் துணியை எடுத்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒற்றினார், கை பழக்கத்தில் போயிற்று, எண்ணெய் பூசி வலையில் வைத்தார், சுர் என்றது, சகலை கூடத்தில் போய் மின்விசிறிக்கு அடியில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்துகொண்டான். ஐஸ் கட்டி… ஆமாம், கல்யாணமான புதிதில் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், என்ன இப்படி வெயில் தாங்காதவளாக இருக்கிறாளே என்று அவர் கேலி செய்வார், குரங்கு கடலையை ஒதுக்கிவைத்த மாதிரி இருக்கிறது என்பார், அவளும் அந்த ஐஸ் கட்டியோடு சிரிப்பாள், சிரித்தாளே, அது என்ன சிரிப்பு? அப்புறம் அந்தத் தூக்கம், அடப்பாவி, அது தூக்கமா, மாத்திரையல்லவா தூங்கியிருக்கிறது, மாத்திரை போட்ட தூக்கத்தை முப்பத்தாறு வருஷ நாக்கு தன் பெயரில் எழுதிக்கொண்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறது… நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வந்த அவமானம், துண்டைத் திருப்பிப்போடுவதற்குள் கோபமாகத் திரும்பிவிட்டது. ஏன் சொல்லவில்லை? ‘எனக்கு ஒத்துக்கலீங்க’, இரண்டே வார்த்தை, சொல்ல எத்தனை நேரம், முப்பத்து மூன்று கோடை வேண்டுமா, தங்கச்சிக்குத் தெரியும், சகலைக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியும், எதிர்வீட்டுப் பூனைக்கும் தெரிந்திருக்கும், தெரியாத ஒரே ஜீவன் அதைச் சுட்டவன், இதற்குப் பெயர் பொறுமையா, வஞ்சம், பச்சை வஞ்சம், ஒரு மனுஷனை முப்பத்து மூன்று வருஷம் அவன் வீட்டிலேயே கோமாளியாக உட்கார்த்திவைப்பது… சொன்னாளோ? ஒருதடவை, முதல் கோடையோ இரண்டாவதோ, ‘நாக்கு ஒரு மாதிரி இருக்குங்க’ என்று, அதற்கு அவர், நாக்கைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று, ஆமாம், சொன்னார், சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் சிரித்தார்கள், நல்ல நகைச்சுவை அது, இப்போது நினைத்தாலும் நல்ல நகைச்சுவைதான், அதுதான் கொடுமை.

ஒருபக்கம் கருகிப்போயிற்று, முப்பத்து மூன்று வருஷத்தில் முதல்முறை, எடுத்து அப்படியே குப்பையில் போட்டார், மீதியையும் போடக் கை போனது, நின்றது. இருபத்திரண்டு வருஷமாகப் போட்ட மாத்திரையை இன்றைக்கு ஏன் வேண்டாம் என்றாள்? இனிமேல் சாப்பிடப்போவதில்லை என்றா, இனிமேல் நடிக்கப்போவதில்லை என்றா, இரண்டும் ஒன்றா, நடிக்காதவள் எதற்குத் திரும்பி வரவேண்டும், நடிக்காதவள் எதற்குப் போகவேண்டும்… படியில் பேச்சுக்குரல், இரண்டு பெண்கள், ஒருத்தி செருப்பை இழுத்து இழுத்து நடக்கிறவள், தங்கச்சி, இன்னொருத்தி சத்தமே இல்லாமல் நடக்கிறவள். சகலை ஓடிப்போய்க் கதவைத் திறப்பது கேட்டது, “வாங்கக்கா, வாங்க.” பெட்டி உருள்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினார், மின்விசிறிதான் கடகடத்தது.

அவர் கூடத்துக்குப் போகவில்லை, நேராகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார், வேறு ஏதாவது வைக்கவேண்டுமே, அவள் சாப்பிடுகிற மாதிரி, முட்டை இருந்தது நாலு, தயிர் இருந்தது, பாதி வெள்ளரிக்காய், ஒரு துண்டு தர்பூசணி, பாலாடைக்கட்டி, ரொட்டி, எல்லாம் அவர் வாங்கினவை, முட்டையை எப்படிச் சாப்பிடுவாள், அவித்தா, பொரித்தா, தயிரில் உப்பா, சர்க்கரையா, வெள்ளரிக்காய் பிடிக்குமா, அவருக்குப் பிடிக்கும், அவள் அவருக்கு நறுக்கித் தருவாள், தந்துவிட்டு… அதற்குமேல் படம் ஓடவில்லை, அவளுடைய தட்டு எங்கே, தட்டு ஞாபகம் வருகிறது, நீலப் பூப்போட்டது, விளிம்பில் ஒரு சின்னச் சில்லு போயிருக்கும், தட்டில் என்ன இருந்தது? ஒரு நாள், ஏதாவது ஒரு நாள்? வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது மனசு.

“என்னங்க, என்ன தேடறீங்க?”

சமையலறை வாசலிலேயே நிற்கிறாள், உள்ளே வரவில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் குரல் ஏழு வாரத்துக்கு முன்பிருந்த மாதிரியே இருந்தது, அதுவும் பயமாக இருந்தது.

“உனக்கு… உனக்கு என்ன வேணும், சாப்பிட?”

கூடத்தில் தங்கச்சியின் பேச்சு சட்டென்று நின்றுபோயிற்று.

“இப்பவா கேக்கறீங்க?”

கோபமா அது, சிரிப்பா, முடிந்துவிட்டது என்கிறாளா, இப்போதாவது கேட்டாயே என்கிறாளா, திரும்பி ஒருமுறை முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், அவ்வளவு சுலபம், ஒரு அடி, அரை அடி, ஆனால் திறந்த பெட்டியின் குளிர் முகத்தில் அடிக்க அவர் முட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார், அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்ற பயத்தில் அல்ல, முகத்தைப் பார்த்தும் தனக்குத் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான்…