புளூடூத்தில் அப்பாவின் குரல்

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பேச்சு வராது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். சிகிச்சைக்கு முந்தின நாள் அப்பா தன் பழைய செல்போனில் மகனுக்கென்று ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்தார். போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் மகள். வெளிநாட்டில் இருந்த அண்ணனுக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. அப்பா இறந்த பிறகுதான் கிடைத்தது.

அவன் திரும்பிப் போகும் நாளன்று தங்கை அந்தப் போனை எடுத்து வந்தாள்.

"கேபிள் போட்டா ரெண்டே நிமிஷம்ணா. லேப்டாப்பை மட்டும் வெளிய எடு."

"பெட்டியெல்லாம் கட்டியாச்சு. இந்தக் காலத்துல யாரு வயரைத் தேடிட்டு இருப்பா? அப்படியே அனுப்பு."

அவனுடைய புதுப் போன் வைஃபையில் நொடியில் வாங்கிக்கொள்ளும். அப்பாவின் போனுக்கு அந்த வித்தை தெரியாது. கடைசியில் புளூடூத் என்று முடிவாயிற்று. கோப்பு பெரிது, இருபது நிமிடமாவது ஆகும், அதுவரை இந்த அறையைவிட்டு நகராதே, சுவர் தாண்டினால் அறுந்துவிடும் என்று தங்கை சொன்னாள். அவனும் தலையாட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

பாதி வருவதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே எழுந்தவன் கூடத்தைக் கடந்து தெருவுக்குப் போய்விட்டான். அனுப்ப முடியவில்லை என்று திரையில் வந்தது. வந்த பாதியும் தங்கவில்லை. மறுபடி தொடங்கலாமா என்று அவள் வாசலுக்கு வந்து கேட்டபோது டாக்ஸி நின்றிருந்தது.

"நெட்ல போட்டு அனுப்பிடும்மா" என்று சொல்லி ஏறிக்கொண்டான்.

மறுநாள் அவள் தன் அலுவலகக் கணினியில் கேபிளைச் செருகினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இணையத்தில் ஏற்றி அவனுக்கு இணைப்பை அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து, யாரும் திறக்காததால் கோப்பு நீக்கப்பட்டது என்று அவளுக்கு மின்னஞ்சல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான்.

"கேட்டேம்மா. மனசே ஆறல."

"என்ன சொன்னாருண்ணா?"

"என்ன சொல்வாரு, உடம்பைப் பாத்துக்க, தங்கச்சியப் பாத்துக்கன்னுதான்."

அப்பா அதைச் சொல்லவே இல்லை. மகனின் சின்ன வயதில் கைநீட்டி அடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தார். நடுவே இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி கேட்டிருந்தார்.

அவள் சரிண்ணா என்று சொல்லி வைத்துவிட்டாள். கோப்பை மறுபடி அனுப்பவில்லை.