இரண்டு கட்டைகளுக்கு நடுவே

"மெதுவா ஊத்துங்க, முகத்துல தெறிக்குது," என்றார் மையித்தைக் குளிப்பாட்டுகிறவர்.

லுத்ஃபி குவளையைச் சாய்த்தான். இறந்துகிடந்த அண்ணன் மொன்செஃபின் இடது கை வழியே தண்ணீர் வடிந்தது. ஆயுசு முழுக்க வயலின் தந்தியை அழுத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு ஊற்றினான். பாதித் தண்ணீர் தரையில் போயிற்று.

நேற்று மத்தியானம் இந்தக் கைதான் போர்வைக்கு வெளியே வந்து அவனை அழைத்தது. பாரிஸிலிருந்து வந்து இறங்கி, தோளில் ஊத் வாத்தியத்தோடு நேரே அண்ணன் படுக்கைக்கு வந்திருந்தான். ஊத்தையும் பியானோவையும் செல்லோவையும் ஜாஸ் டிரம்ஸையும் ஒரே மேடையில் சேர்த்துப் பெரிய ஆளானவன் லுத்ஃபி. தூனிஸில் அவன் முகம் போட்ட சுவரொட்டி இல்லாத தெருவில்லை. மொன்செஃப் கடைசிவரை கல்யாண வீடுகளில் வாசித்தார்.

"கல்யாண வீட்டுல மொதல்ல எடுப்போமே, ராஸ்த். அத வாசிடா. கேட்டுட்டுப் போறேன்," என்றார் அண்ணன்.

ராஸ்த் ராகத்துக்கு மூன்றாவது ஸ்வரம்தான் உயிர். பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ இருக்கிறது. பியானோவோடு இடிக்கக் கூடாதென்று லுத்ஃபி பல வருடங்களாக அதை ஒதுக்கியே வாசித்திருந்தான். ஊத்தை எடுத்து வாசித்ததும் விரல் நேராக மேல் கட்டையின் இடத்தில் போய் உட்கார்ந்தது. நகர்த்தினான், ரொம்ப இறங்கிவிட்டது. ஏற்றினான், பழைய இடத்துக்கே வந்தது. ஊத்தில் வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. விரலுக்குத் தெரிந்திருந்தால்தான் உண்டு.

"கடல் காத்துல தந்தி எறங்கிப்போச்சுண்ணே."

மொன்செஃப் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "பியானோக்காரன் இங்க இல்லடா. யாருக்குப் பயப்படற?"

லுத்ஃபி நன்றாயிருந்த சுருதியைக் கலைத்து, திரும்பச் சேர்ப்பதுபோல் நேரத்தைக் கடத்தினான். நிமிர்ந்தபோது அண்ணன் கண்ணை மூடியிருந்தார். தூங்கட்டும் என்று ஊத்தை உறையில் போட்டான். அப்பாடா என்றிருந்தது. விடிகாலையில் அவர் போய்விட்டார் என்று எழுப்பினார்கள். அந்த 'அப்பாடா'வை நினைத்தால் இப்போது உடம்பே கூசியது.

வாசலில் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து குஸ்குஸ் வந்திருந்தது. அண்ணன் மகள் ரீம் ஒரு தட்டை அவன் கையில் கொடுத்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"ராத்திரி முழிச்சு ஒரே பேச்சு, சித்தப்பா. 'எந்தம்பி ராஸ்த் வாசிச்சான், இம்மி பிசகல'ன்னு. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாரு. உங்களாலதான் நிம்மதியாப் போனாரு."

பக்கத்தில் தீஜானி மூக்கைத் துடைத்துக்கொண்டார். கல்யாணக் குழுவில் அண்ணனுக்குத் தாளம் அடித்தவர். வாய்த்துடுக்கான மனிதர்.

"நான்தான்பா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், பியானோக்காரங்களோட சேந்து இவன் கை கெட்டுப்போச்சுன்னு. உங்க அண்ணன் எங்கூடச் சண்டைக்கே வந்துட்டான். இப்பத்தான் தெரியுது. மனசுல வச்சுக்காதப்பா."

லுத்ஃபி வாயைத் திறந்தான். ரீம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுங்க சித்தப்பா, ஆறிடும்."

சாப்பிட்டான். தண்ணீர் குடித்து விழுங்கினான்.

தொழுகை முடிந்து மையித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்கம்பு லுத்ஃபியின் இடது தோளில் இருந்தது. சந்து முழுக்கக் கலிமா சொல்லிக்கொண்டே கூட்டம் நடந்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு சாவடியில் யாரோ எட்டி ரேடியோவை அணைத்தார்கள்.

அடக்கம் செய்யும் கபரஸ்தான் வாசலில் தோள் மாற்றிக்கொள்ளத் தீஜானி வந்தார்.

"கைய எடுப்பா, நான் பிடிக்கிறேன்."

லுத்ஃபியின் இடது ஆள்காட்டி விரல், தந்தியை அழுத்துவதுபோல், கம்பை அழுத்திக்கொண்டிருந்தது. மெல்ல ஒரு நூல் பின்னால் நகர்ந்து, அங்கேயே நின்றது.

"எடுப்பா."

அவன் எடுக்கவில்லை.