அடியில் ஒரு துளை

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பிடிவாதம். சின்ன வயதில் அக்கா ஏதோ கோபத்தில் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. நாற்பதைத் தாண்டியும் விடவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர்கூட, "என்ன, பிடிவாதம் சாப்பிட்டாச்சா?" என்றுதான் போனில் கேட்பார்.

ஓடு தொழிற்சாலையில் பதினான்கு வருடம் குளியலறை ஓடுகளுக்குப் பூ வரைந்துகொண்டிருந்தவள், ஒருநாள் வேலையை உதறிவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் சக்கரத்தையும் மின்சூளையையும் வைத்துக்கொண்டு பூச்சாடி செய்ய உட்கார்ந்தாள். கிளப்பிவிட்டது அக்காதான். அக்காவுக்கு ஆஸ்பத்திரிக்கு எதிரே பூக்கடை. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அவசரத்தில் ஒரே ஒரு பூவும் ஒரு சாடியும் வாங்கிப் போவார்கள். ஒற்றைப் பூ எந்தச் சாடியிலும் நேராக நிற்காது. ஓரமாகச் சரிந்து சுவரைப் பார்க்கும். சூரியகாந்தியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தலைக்கனத்தில் சாடியையே கவிழ்த்து, படுக்கையெல்லாம் தண்ணீராக்கிவிடும். மறுநாள் வந்து சண்டை பிடிப்பவர்களுக்கு அக்காதான் பதில் சொல்ல வேண்டும்.

பத்துச் சாடிகள் தோற்றன. பதினொன்றாவதில் வயிற்றைக் கீழே இறக்கி, கனம் முழுவதையும் அடியில் வைத்தாள். கழுத்துக்கு உள்ளே ஒரு வளையம், அதில் மூன்று வெட்டுகள். தண்டு எந்த வெட்டில் போய் உட்கார்ந்தாலும் பூ நிமிர்ந்து நிற்கும். பூவை எடுக்காமலே தண்ணீர் ஊற்றுவதற்காக வாயை ஒரு பக்கம் சரித்து விட்டாள். வெளியே படம் எதுவும் கிடையாது. மழைக்கு முந்தைய வானத்தின் நிறம் மட்டும்.

அக்கா அதில் ஒரு சூரியகாந்தியை வைத்து மேசையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். சாடி அசையவில்லை. இதை விற்க மாட்டேன் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இன்னொன்று செய்யவைத்து, அதை நகரக் கலைக்கூடத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு அனுப்பவைத்ததும் அவளேதான்.

தேர்வாகிவிட்டது என்று கடிதம் வந்தது. கலைக்கூட இயக்குநர் நேரில் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, சாடியை வாய் நிறையப் புகழ்ந்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். மாடிக் கூடம் கலைக்கு. கீழ்க்கூடம் வீட்டு உபயோகப் பொருட்களுக்கு. பயன்படுத்தக்கூடிய எதுவும் மாடிக்கு ஏறக்கூடாது என்பது விதி. நடுவர்களோ இதை மாடியில்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

"அடியில சின்னதா ஒரு துளை போட்டுட்டா போதும் மேடம். கண்ணுக்கே தெரியாது. அப்புறம் இது சிற்பம்."

"தண்ணி நிக்காதே சார்."

"அதுக்குத்தானே."

அவள் முடியாது என்றாள். பூவும் தண்ணீரும் இருந்தால்தான் அது முழுசு என்றும், திறப்பு விழா அன்றைக்கு இரண்டையும் தானே கொண்டுவந்து வைப்பதாகவும் சொன்னாள். அவர் சிரித்து, பார்க்கலாம் என்று கைகூப்பினார்.

வீட்டில் கணவர், ஒரு துளைதானே, விட்டுத்தொலை என்றார். "உங்க பஸ்ஸுல சக்கரத்தக் கழட்டிட்டு அழகா இருக்குன்னு நிறுத்தி வைப்பீங்களா?" என்று கேட்டாள்.

விழா அன்று அக்கா ஒரு சூரியகாந்தியோடும் அவள் ஒரு பாட்டில் தண்ணீரோடும் மாடி ஏறினார்கள். சாடி வெள்ளைப் பீடத்தின் மேல், விளக்கு வெளிச்சத்தில் ராஜா மாதிரி இருந்தது. பக்கத்தில் அவள் பெயர் எழுதிய அட்டை. இயக்குநர் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு வருவதற்கும் அவள் பாட்டிலைச் சாய்ப்பதற்கும் சரியாக இருந்தது.

தண்ணீர் உள்ளே போனது. அடுத்த நொடி பீடத்தின் வழியாக வழிந்து, இயக்குநரின் மெருகேற்றிய காலணியைச் சுற்றித் தேங்கியது.

அவள் சாடியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஓரங்களில் மெருகு பெயர்ந்து, மண் வெள்ளையாகத் தெரிந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

விதி, நேரமில்லை, நல்லதுக்குத்தான் செய்தோம் என்று இயக்குநர் குரலைத் தாழ்த்தி அடுக்கினார். வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார்.

"எதுக்கு எடுத்துட்டுப் போகணும்? இங்கயே இருக்கட்டும்" என்றாள். "ஆனா செஞ்சவங்க பேரு முழுசா இருக்கணும்."

அக்காவின் பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் தன் பெயருக்கு முன்னால் 'சாடி' என்று எழுதினாள். அடுத்த வரியில், 'துளை: இயக்குநர்'. விருந்தினர்களில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். கைத்தடி ஊன்றி நின்ற தலைமை நடுவர் அம்மாள் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அட்டைய மாத்திடுவோம்" என்றார் இயக்குநர்.

"மாத்துங்க. நாளைக்கு வந்து திரும்ப எழுதுவேன். கண்காட்சி இருபது நாள். எனக்கு வேற வேலை இல்ல."

சொன்னபடி மறுநாள் போனாள். அட்டை புதிதாக இருந்தது. எழுதினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. காவலாளி தடுக்க வந்தார். அட்டையைப் படித்துவிட்டு, முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். நான்காம் நாள் போனபோது அவள் கையெழுத்து அழியாமல் இருந்தது. அதற்குள் அட்டையைப் பார்க்கவே ஆட்கள் மாடி ஏறத் தொடங்கியிருந்தார்கள். படித்துவிட்டுக் குனிந்து, சாடியின் அடியை எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்பதாம் நாள் தலைமை நடுவரே போன் செய்தார். நடுவர்கள் கூடி அந்த விதியை எடுத்துவிட்டதாகவும், துளையில்லாத சாடி இருந்தால் கொண்டுவரும்படியும் சொன்னார். அவள் கடைக்குப் போய் அக்காவின் சாடியைக் கேட்டாள். அக்கா முணுமுணுத்துக்கொண்டே கல்லாப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பூவைத் தானே தேர்ந்தெடுத்தாள்.

மாடியில் அவள் சாடியின் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, சூரியகாந்தியை இறக்கினாள். தண்டு வெட்டில் போய் உட்கார்ந்ததும் பூ நிமிர்ந்தது. இயக்குநர் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு பீங்கான் தட்டோடு வந்தார். பீடம் கெட்டுவிடக் கூடாது, சாடிக்கு அடியில் இதை வைக்கலாமே என்றார்.

"தட்டு வேண்டாம் சார்" என்றாள் அவள். "ஒழுகாது."