இரும்பில்லாத படகுத்துறை

ஆய்வாளர் டோன்கோர் கொண்டுவந்த கருவி இரும்பைக் கண்டால்தான் கூவும். புதுப் படகுத்துறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதைத் தரையில் தேய்த்துக்கொண்டே நடந்தார். அது வாயைத் திறக்கவில்லை.

"கம்பியெல்லாம் எங்கம்மா போச்சு?" என்றார், கூடியிருந்த மீன்காரிகளுக்கும் கேட்கும்படி.

"இரும்பு போடவே இல்லையே சார்," என்றாள் துறையைக் கட்டிய மேஸ்திரி அராபா எஷுன். "உள்ள இருக்கிறது ஃபைபர் கிளாஸ் கம்பி, கண்ணாடி நார்ல செஞ்சது. உப்புத் தண்ணி அதை ஒண்ணும் பண்ணாது."

பழைய துறை ஒன்பதே வருஷத்தில் செத்தது. உள்ளே இரும்பு துருப்பிடித்து வீங்கி, காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. ஒருநாள் பாளம் பெயர்ந்து விழுந்து அவள் அண்ணன் எபோவின் முழங்கால் நொறுங்கியது. இரும்பு வேண்டவே வேண்டாம் என்று மாவட்ட அலுவலகத்தோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டி வாங்கிய கம்பி இது. சம்மதித்த பொறியாளர் மாற்றலாகிப் போய்விட்டார். டோன்கோர் கையில் இருந்ததோ இரும்புக் கம்பி போட்ட பழைய வரைபடம். கோப்பில் இருப்பதுதான் உலகம் என்று நம்புகிற மனிதர் அவர்.

"கண்ணாடியில துறை கட்டினாளாம்! பச்சப்புள்ள கூடச் சிரிக்கும். திருடி வித்துட்டேன்னு நேராச் சொல்லு. இதை இடிக்கத்தான் எழுதப்போறேன்."

"நான் எதுவும் சொல்லலப்பா," என்று ஆரம்பித்தாள் மான்சா. அந்தக் கரையில் மீனுக்கு விலை சொல்கிறவள் அவள்தான். "போன மாசம் இவ வீட்டு மாடியில ரூம் கட்ட ஆரம்பிச்சா. மொட்டமொட்டயா கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது. ஊரே பார்க்குது."

அதுதான் சுட்டது. ஆய்வாளர் வேற்றூர்க்காரர், சொல்லிவிட்டுப் போய்விடுவார். மான்சாவின் வாயில் விழுந்தால் செத்த பிறகும் திருடிதான்.

"ஒரு மூலைய உடைச்சுக் காட்டிடேன்க்கா," என்றான் மீனுக்கு ஐஸ் கொண்டுவந்து நின்ற லாரியின் டிரைவர்.

"எதுக்கு? ஒழுங்காக் கட்டினதை உடைச்சுக் காட்டினாத்தான் நான் யோக்கியமா?" அராபா ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "துறை எத்தனை டன் தாங்கணும்னு உங்க பேப்பர்ல இருக்கு சார்?"

"பத்து."

"இவன் லாரி பத்து டன். ஏத்தச் சொல்லுங்க. உள்ள கம்பி இல்லேன்னா பிளந்து விழும். நான் அடியில நிக்கிறேன்."

"அக்கா, எனக்கு மூணு புள்ளைங்க," என்றான் டிரைவர்.

"விழுந்தா நீ என் மேலதான்டா விழுவ. ஓட்டு!"

அவள் துறைக்கு அடியில் இறங்கினாள். தண்ணீர் முழங்கால் அளவு, கடல் ஏறத் தொடங்கியிருந்தது. தலைக்கு மேல் லாரி உருண்டு வந்தது. கழுத்தில் மணல் உதிர்ந்தது. பயந்தாள், நன்றாகவே பயந்தாள். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. லாரி நேர் மேலே வந்து நின்றது. ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை.

டோன்கோர் குனிந்து எட்டிப் பார்த்தார். "சரிசரி, தாங்குது. மேல வாம்மா."

"திருடின்னு சொன்னீங்களே, அதை வாபஸ் வாங்குங்க. அதே வாயால."

"அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கலாம்."

"திருடின்னு ஆபீஸ்லயா சொன்னீங்க?"

தண்ணீர் தொடைக்கு ஏறியது, பிறகு இடுப்புக்கு. அராபா அசையவில்லை.

மான்சா முதலில் முணுமுணுத்தாள். பிறகு தலையிலிருந்த மீன் தாம்பாளத்தை இறக்கி வைத்து, துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, லாரிக்கு நேர் கீழே அராபாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நானுந்தான் பேசினேன். பாழாப்போன வாய்டி எனக்கு," என்றாள்.

அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள், பிறகு ஆறு பேர். கடைசியில் கரையே காலி. மேலே டோன்கோரும், லாரிக்குள் டிரைவரும், வாய் திறக்காத அந்தக் கருவியும் மட்டும் மிச்சம்.

"அவங்க திருடலை," என்றார் ஆய்வாளர், தொண்டைக்குள்ளேயே.

"அலை இரையுது சார், காது கேக்கலை," என்றாள் மான்சா.

"திருடலைன்னேன்!"

"யாரு?"

"அராபா எஷுன் திருடலை!" அலையில் நின்ற படகுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம்தான் அராபா கரையேறினாள்.