பெஞ்சில் தங்கிவிட்ட குரல்

புது நீதிமன்றத்தின் இரண்டாம் மாடி நடைகூடத்தில், தரையோடு போல்ட் போட்டு முறுக்கிய இரும்பு பெஞ்சில், ஒரு தையற்காரியின் குரல் சில வருடங்களாகக் குடியிருக்கிறது. தையற்காரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கிறாள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வயிறெரியத்தான் நிறைய இருக்கிறது.

கட்டடத்துக்கு வரைபடம் போட்டபோது எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். நீதிபதிகளுக்குத் தனி லிஃப்ட், கைதிகளுக்குத் தனிப் படிக்கட்டு, வக்கீல்களுக்கு ஏசி போட்ட கேன்டீன். சாட்சிகளை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. வரைபடத்தில் பொதுமக்களின் வழிக்குப் போட்ட ஒரே மஞ்சள் கோட்டில் அவர்களும் அடங்கிவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டு ஜாமீனில் வந்தவனும் அவன் அண்ணனும் வருவது அதே கோட்டில்தான் என்று அந்தப் படித்த மண்டைகளில் ஒன்றுக்குக்கூட உறைக்கவில்லை. வாசல் ஸ்கேனர் தையற்காரியின் கைப்பையிலிருந்த ஊசியைப் பிடித்தது. அவனுடைய அண்ணனை மரியாதையாக உள்ளே விட்டது.

தன் அக்காவை அக்கா புருஷன் மாடியிலிருந்து தள்ளிக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவள் தையற்காரி ஒருத்திதான். சாட்சி சொல்ல வந்த முதல் நாள் அவனுடைய அண்ணன் பெஞ்சில் அவளை ஒட்டி உட்கார்ந்தான். "அக்கா பொண்ணு இப்ப உன்கிட்டதானே இருக்கா? ஸ்கூலுக்குத் தனியாவா போறா?" என்று அக்கறையாக விசாரித்தான். அவள் ஓடிப்போய்க் காவலரிடம் முறையிட்டாள். "உக்கார வேற எடம் கிடையாதும்மா. பெஞ்சை நகத்தவும் முடியாது, பாதுகாப்புக்காகப் போட்டது" என்றார் அவர். பாதுகாப்பாம்!

கூண்டில் ஏறி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. வாய்தா போட்டார்கள். அடுத்த முறையும் காற்று. மூன்றாம் முறை அவள் கூண்டில் வாயசைத்தபோது, வெளியே பெஞ்சிலிருந்து அவள் குரல் பேசத் தொடங்கியது. அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்த அண்ணன், கொதிக்கிற தோசைக்கல்லில் உட்கார்ந்தவன்போலத் துள்ளி எழுந்தான்.

நீதிபதி வெளியே வந்து கேட்க எழுந்தார். அவருடைய மேடையிலிருந்து கூடத்துக்குள் இறங்கப் படியும், அவருடைய தனிப் பாதையிலிருந்து நடைகூடத்துக்குக் கதவும் வைக்கவில்லை. லிஃப்டில் இறங்கி, கட்டடத்தைச் சுற்றி, வரிசையில் நின்று, பெல்ட்டைக் கழற்றிக் காட்டி, வேர்க்க வேர்க்க மேலே வந்து சேர்ந்தார். "ஐயா, வேலிக்கு ஓணான் சாட்சிங்கிற மாதிரி இருக்கே" என்று ஆட்சேபித்த எதிர்த்தரப்பு வக்கீல், பிறகு குனிந்து பெஞ்சையே குறுக்கு விசாரணை செய்தார். குரல் எங்கும் தடுமாறவில்லை. தள்ளியவன் உள்ளே போனான். வரைபடம் போட்டவர்களுக்கு விருது கொடுத்தார்கள்.

குரல் மட்டும் அவளோடு வீட்டுக்கு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால்தான் அவளுக்குப் பேச்சு வருகிறது. எனவே பள்ளி விட்டதும் அக்கா மகளும் அவளும் வாசலில் பைகளைக் காட்டிவிட்டு மாடிக்குப் போகிறார்கள். காவலர்கள் ஏன் என்று கேட்பதில்லை. வழக்குக்கு வந்தவர்கள் ஒதுங்கி இடம் விடுகிறார்கள். அந்தச் சிறுமியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட, சித்திக்கு அந்த ஊரில் வேறு இடம் இல்லை.